தாமிரபரணியோடு கீழ்நோக்கி: சைக்கிள் பயணிகளின் கேள்விகளும் பதில்களும்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், லாரிச் சத்தம் இல்லாமல் ஆற்றையொட்டிச் சைக்கிள் ஓட்ட விரும்புகிறவர்கள் தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்குப் போய் வரலாம் என்று நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரி போதாது என்று வந்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். ஒரே பொருளைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாக்கி, நீண்டவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

எனக்கு வயது 52. வாரம் இருமுறை 30 கிலோமீட்டர் ஓட்டும் பழக்கம் உண்டு. ஆனால் நான்குவழிச் சாலையின் ஓரத்தில் ஓட்டி அலுத்துவிட்டது. மலையடிவாரத்திலிருந்து கடல் வரை தாமிரபரணியை ஒட்டி இரண்டு நாளில் ஓட்ட முடியுமா? எந்தத் திசையில், எந்தக் கரையில் போவது நல்லது? – வாசகர், மதுரை

முடியும். ஆனால் மலையிலிருந்து கடலை நோக்கிப் போங்கள். கடலிலிருந்து மலையை நோக்கிப் போகாதீர்கள். இறக்கம் கிடைக்கும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அம்பாசமுத்திரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 75 மீட்டர் உயரத்திலும், அதிலிருந்து 35 கிலோமீட்டர் தள்ளியுள்ள திருநெல்வேலி ஐம்பது மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்திலும் இருப்பதால், கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூட இல்லாத அந்த இறக்கத்தை உங்கள் கால்கள் உணரப்போவதில்லை. கால்கள் உணரப்போவது காற்றை. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று பள்ளத்தாக்கின் நீளம் முழுவதும் வீசும்; அப்போது அம்பாசமுத்திரத்தை நோக்கி ஓட்டுகிறவர் சமதரையிலேயே மலையேறுகிறவரைப் போல மூச்சு வாங்குவார், அங்கிருந்து திரும்பி வருகிறவரோ மிதிக்க மறந்து உட்கார்ந்திருப்பார். தை, மாசியில் நிலைமை சற்று மாறும். காற்றின் வேகம் குறைவு என்றாலும் அது கிழக்கிலிருந்து வரும் என்பதாலும், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிடும் என்பதாலும், அம்மாதங்களில் விடியும்போதே புறப்பட்டு முற்பகல் பதினொரு மணிக்குள் அன்றைய தூரத்தை முடித்துக்கொள்வது உசிதம்.

கிழக்கு நோக்கிக் காலையில் ஓட்டுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதைப் பலர் யோசிப்பதில்லை. ஏழு மணி வெயில் நேரே உங்கள் கண்ணில் அடிக்கும்போது, உங்களுக்குப் பின்னால் வரும் பேருந்து ஓட்டுநரின் கண்ணிலும் அதே வெயில்தான் அடிக்கிறது. அவருக்கு நீங்கள் ஒரு கறுப்புக் கோடாகக்கூடத் தெரியாமல் போகலாம். ஆகவே பகல்தானே என்று எண்ணாமல், பின்பக்கச் சிவப்பு விளக்கை எரியவிட்டே ஓட்டுங்கள்.

கரையைப் பற்றிய கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் தர இயலாது. அம்பாசமுத்திரத்தில் பாலத்தைக் கடந்தால் வரும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை வழியாகத் திருநெல்வேலிக்குப் போகும் தென்கரைச் சாலைதான் இப்பகுதியின் முதன்மைச் சாலை. பேருந்துகள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. ஊருக்கு ஊர் பார்க்க ஏதாவது இருக்கிறது என்பது அதன் சிறப்பு. வடகரையோ அமைதியானது; அங்கே கடைகள் குறைவு, வயல்கள் அதிகம். நீங்கள் அமைதியைத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்பதால், முதல் நாளில் வடகரையையே சொல்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை செல்லும் காலை ரயிலில் அம்பாசமுத்திரத்தில் இறங்கி, முதலில் ஆற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பிப் பிரம்மதேசத்துக்கும் மன்னார்கோயிலுக்கும் போய் வாருங்கள். அருகருகே உள்ள இவ்விரு ஊர்களையும் இணைக்கும் கிராமச் சாலையில் மேற்கே பார்த்தால் மலைத்தொடர் முழுவதும் ஒரு மதில் போல நிற்கும். பிரம்மதேசத்துக் கைலாசநாதர் கோயிலின் கோபுரத்தை ஊர் வருவதற்கு வெகுமுன்பே பார்த்துவிடலாம். மன்னார்கோயிலில் உள்ள இராஜகோபாலசுவாமி கோயில் 11-ஆம் நூற்றாண்டில் சேர மன்னன் ஒருவன் கட்டி, சோழப் பேரரசனின் பெயரால் இராஜேந்திர சோழ விண்ணகரம் என்று வழங்கிய கோயில். பாண்டிய நாட்டில் சேரன் கட்டிய கோயிலுக்குச் சோழன் பெயர் என்பதை ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுச் செல்லலாம்.

பிறகு ஆற்றின் பக்கம் இறங்கித் திருப்புடைமருதூருக்குப் போக வேண்டும். கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இடம் அது. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்தளங்களில் உள்ள சுவரோவியங்களும் மரச் சிற்பங்களும் அறிந்தவர்களிடையே பெரும்பெயர் பெற்றவை. அவற்றைக் காட்ட முடியுமா என்று கோயில் அலுவலகத்தில் கேட்டுப்பாருங்கள். காட்டாவிட்டாலும் நஷ்டமில்லை. கோயிலைச் சுற்றியுள்ள பெரிய மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. 2005-ஆம் ஆண்டிலேயே பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. படித்துறையில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தால், தண்ணீர்ச் சத்தத்தைவிடத் தலைக்கு மேலே குஞ்சுகள் இரைக்காகப் போடும் கூச்சல்தான் பெரிதாகக் கேட்கும். சைக்கிளை மரத்தடியில் மட்டும் நிறுத்தாதீர்கள். இருக்கையைத் துடைக்க நேரும்.

அங்கிருந்து முக்கூடல், முக்கூடலிலிருந்து வடகரைச் சாலையாகவே நெல்லை நகர். சுற்றுவழிகளையெல்லாம் சேர்த்து முதல் நாள் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் ஆகும். உங்கள் பழக்கத்துக்கு அது மிகையாகாது. இடையே ஒரு குறிப்பு: முக்கூடற்பள்ளு என்ற பழைய இலக்கியம் பாடும் முக்கூடல் இதுவன்று. சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேரும் சீவலப்பேரிப் பகுதிதான் அந்த முக்கூடல். அது திருநெல்வேலிக்குக் கிழக்கே இருக்கிறது. பெயரை நம்பி இங்கே அழகர் கோயிலைத் தேடியவர்களில் நானும் ஒருவன்.

இரண்டாம் நாளைப் பற்றிக் கீழே வேறொரு வாசகர் விரிவாகக் கேட்டிருப்பதால் அங்கே சொல்கிறேன். திருநெல்வேலியைக் கடக்கும்போது மட்டும் ஒன்று செய்யுங்கள்: அதிகாலையில் எழுந்து, பேருந்துகள் நிறைவதற்கு முன், சுலோச்சன முதலியார் பாலத்தின் மேல் ஒரு முறை மெதுவாகப் போங்கள். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் எனப்படும் தலைமை எழுத்தராக இருந்த ஒருவர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டுவித்து 1843-இல் திறக்கப்பட்ட பாலம் அது. ஏழு மணிக்கு மேல் அங்கே நின்று ஆற்றைப் பார்க்க நினைப்பது உங்களுக்கும் நல்லதன்று, பின்னால் வருகிறவர்களுக்கும் நல்லதன்று.

செல்பேசி வரைபடத்தில் ஆற்றுக்கு இணையாகக் கால்வாய்க் கரைகள் நெடுந்தூரம் பாதை போலத் தெரிகின்றன. சாலையை விட்டுவிட்டு அவற்றிலேயே ஓட்டினால் என்ன? – வாசகர், பாளையங்கோட்டை

உங்கள் கேள்விதான் இந்தப் பள்ளத்தாக்கின் சூட்சுமத்தைத் தொடுகிறது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாகச் சொன்ன ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. மற்ற ஏழும் அதற்கு முன்பே மன்னர் காலங்களில் கட்டப்பட்டவை. இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் ஏறக்குறைய 86,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் தருகின்றன. கால்வாய் ஆற்றைவிட்டு விலகி மேட்டுப் பக்கமாகவே போகும். கால்வாய்க்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் நன்செய், கால்வாய்க்கு அப்பால் குளங்கள், குளத்தங்கரையில் ஊர். பழைய வண்டிப்பாதைகள் இந்த ஊர்களைத்தான் தொட்டுச் சென்றன. இன்றைய கிராமச் சாலைகள் பெரும்பாலும் அந்த வண்டிப்பாதைகளின் மேலேயே தார் பூசியவை. அமைதியான சாலை வேண்டுமென்றால் ஆற்றைத் தேடாமல் கால்வாயைத் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஆற்றங்கரையில் சாலை சில இடங்களில்தான் வரும். கால்வாயோ நாள் முழுவதும் உங்கள் பக்கத்திலேயே வந்துகொண்டிருக்கும்.

ஆனால் கால்வாயை ஒட்டிய தார்ச்சாலை வேறு, கால்வாய்க் கரை வேறு. கரை என்பது நீர்வளத் துறையினர் ஷட்டர்களைப் பார்க்கவும், உழவர்கள் வயலுக்குப் போகவும் உள்ள மண்பாதை. மழைக்குப் பின் அது களியாகும். டயரில் ஒட்டும் கரம்பை மண் மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டால் சக்கரம் சுற்றாது. கோடையில் காய்ந்திருக்கும்போது வேறொரு தொல்லை. கரையோரம் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்தின் முள், நம் பக்கத்தில் உடைமுள் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள், ஓரங்குல நீளத்துக்கு ஆணியைப் போல நிற்கும். ஒரு முறை கன்னடியன் கால்வாய்க் கரையில் நான்கு கிலோமீட்டர் ஆசைப்பட்டு ஓட்டியதில் முன்சக்கரத்தில் இரண்டு, பின்சக்கரத்தில் மூன்று என்று முட்கள் ஏறின. அதிலும் கொடுமை என்னவென்றால், முள் ஏறியவுடன் காற்று இறங்குவதில்லை; முள்ளே அடைப்பாக நின்றுகொள்வதால் அரை மணி நேரம் ஓடும், பிறகுதான் இறங்கும். டியூபை மாற்றிவிட்டு டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காமல் பூட்டினேன். ஒடிந்து நின்ற முள்முனை ஐந்து நிமிடத்தில் புது டியூபையும் குத்தியது.

அந்தக் கால்வாயைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. கன்னட நாட்டிலிருந்து செல்வத்தோடு வந்த ஒருவன் அதை எந்தத் தருமத்தில் செலவிடுவது என்று அகத்தியரைக் கேட்க, ஒரு பசுவின் பின்னால் போ, அது நடக்கும் வழியெல்லாம் கால்வாய் வெட்டு, அது படுக்கும் இடத்தில் குளம் வெட்டு என்று அவர் சொன்னாராம். கதையாகவே இருக்கட்டும். அந்தக் கால்வாய் வளைந்து நெளிந்து போகும் விதத்தைச் சைக்கிளில் இருந்து பார்க்கிறவருக்கு, பசுவின் பின்னால்தான் போயிருக்கிறார்கள் என்று நம்பத் தோன்றும். உண்மையில் அது நிலத்தின் சமமட்டத்தைப் பிடித்துப் போகிறது. அதனால்தான் அதை ஒட்டிய சாலைகளில் ஏற்றமே இருப்பதில்லை.

எந்தச் சைக்கிள் வாங்க வேண்டும்? கியர் அவசியமா? – வாசகர், சென்னை

இதற்காகப் புதிதாக எதையும் வாங்காதீர்கள். அம்பாசமுத்திரத்துக்குக் கீழே உங்கள் தாத்தாவின் சைக்கிளே போதும். வாங்கித்தான் தீர்வது என்றால், 32 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலமுள்ள டயர் போட இடமிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர் கிராமத்து வேகத்தடைகளுக்கும் தார் பெயர்ந்த ஓரங்களுக்கும் ஒத்துவராது. இரண்டு டியூப், ஒரு கைப்பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல், ஒட்டுப்போடும் பொருள்கள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சைக்கிளுக்கான டியூப் எல்லா ஊர்களிலும் கிடைக்கும்; உங்கள் இறக்குமதிச் சைக்கிளின் மெல்லிய வால்வுக்கேற்ற டியூபைக் கேட்டால் கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர்ச் சாமான் என்று உங்களையே கேட்பார்.

எந்த மாதத்தில் போகலாம்? நாங்கள் மார்ச் முதல் வாரம் போனபோது பல இடங்களில் சாலை முழுவதும் வைக்கோல் பரப்பி வைத்திருந்தார்கள். இதைத் தடுக்க வழியில்லையா? – வாசகர், கோயம்புத்தூர்

நீங்கள் போனது பிசான அறுவடையின்போது. தாமிரபரணிப் பாசனத்தில் ஜூன் தண்ணீரை நம்பிக் கார் சாகுபடியும், வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிசானமும் நடக்கும். கார் நெல் புரட்டாசி வாக்கிலும் பிசானம் மாசி, பங்குனியிலும் அறுவடைக்கு வரும். அறுவடைக் காலத்தில் நெல்லைக் காயப்போடவும் வைக்கோலை உலர்த்தவும் சாலையைவிட நல்ல களம் இல்லை என்பது உழவரின் கட்சி. சாலை வண்டிகளுக்கு என்பது சட்டத்தின் கட்சி. வருடத்தில் இரண்டு நாள் வேடிக்கை பார்க்கப் போகும் நாம் இந்த வழக்கில் தலையிடாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுவதே மரியாதை என்பது என் கட்சி.

இறங்கித் தள்ளச் சொல்வதற்கு மரியாதை மட்டும் காரணமன்று. கியர் சைக்கிளில் வைக்கோலின் மேல் ஓட்டினால், ஒரு தாள் செயினோடு ஏறிப் பின்பக்கப் பல்சக்கரங்களுக்கு இடையே புகும். அதைத் தொடர்ந்து பத்துத் தாள்கள் புகும். செயினை இழுத்துப் பிடிக்கும் சிறு உருளைகளைச் சுற்றி அவை கயிறாக முறுக்கிக்கொள்ளும்போது முதலில் சரசரவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டவுடன் மிதிப்பதை நிறுத்த வேண்டும். வேகமாக மிதித்தால் போய்விடும் என்று நினைத்து மிதித்தால், கியர் மாற்றும் கருவி வளைந்து சக்கரக் கம்பிக்குள் போய்விடும். அன்றைய பயணம் அங்கே முடிந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே, தாள்களை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். பிசுக்கோடு சேர்ந்த வைக்கோல் விரலில் கீறும் என்பதால், ஒரு பழைய சாவி கையில் இருந்தால் நல்லது.

மாதம் என்று கேட்டால் தை மாதமும் மாசி முதல் பாதியும் என்பேன். வயல் பச்சையாக இருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும், வெயில் பொறுக்கும். ஆனி, ஆடியில் மேற்கே சாரலும் குளிர்ந்த காற்றுமாக அம்பாசமுத்திரம் பக்கம் அருமையாக இருக்கும். ஆனால் ஆடி அமாவாசையை ஒட்டிய நாள்களில் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போகும் கூட்டம் பாபநாசம் சாலையை நிறைத்துவிடும். கார்த்திகை, மார்கழியில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஒரு ரயில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுவிட்டது, ஏரல் பாலத்தின் அணுகுசாலை அடித்துச் செல்லப்பட்டது. பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் நீங்கள் போகும் சாலைகளில் பல, ஆற்றின் மட்டத்திலேயே இருப்பவை.

நானும் என் தோழியும், இருவரும் நாற்பதைக் கடந்தவர்கள், தனியாகப் போக விரும்புகிறோம். வீட்டில் தயங்குகிறார்கள். இந்த வழி பாதுகாப்பானதா? சாப்பாடு, கழிப்பறை வசதி எப்படி? – வாசகி, தென்காசி

உங்களுக்கு வடகரையைவிடத் தென்கரை முதன்மைச் சாலையைப் பரிந்துரைப்பேன். சந்தடி சற்று அதிகம்தான். ஆனால் ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஓர் ஊர் வரும், எங்கே சைக்கிள் பழுதானாலும் பேருந்து கிடைக்கும், ரயில் பாதையும் அருகிலேயே வருகிறது. காலை ஆறிலிருந்து எட்டு வரை ஓட்டிவிட்டு, பள்ளி, அலுவலக நேரத்தில் ஏதாவது ஓர் ஊரில் நின்றுவிட்டு, ஒன்பதரைக்கு மேல் மீண்டும் தொடர்ந்தால், முதன்மைச் சாலையும் முக்கால்வாசி நேரம் அமைதியாகவே இருக்கும்.

நிற்பதற்கு ஊர்களுக்குப் பஞ்சமில்லை. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடும் வீடுகளுக்கு முன்னால் அப்பளங்கள் காய்வதைப் பார்க்கலாம். சேரன்மகாதேவி, வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்திய ஊர். சமபந்திச் சாப்பாட்டுப் பிரச்சினையில் அக்காலத் தமிழக அரசியலையே உலுக்கிய குருகுலம் அது. பத்தமடையில் கோரைப்பாய் நெய்வதைப் பார்க்க விரும்புவதாகச் சொன்னால் பெரும்பாலும் யாராவது ஒருவர் உங்களைத் தறி இருக்கும் வீட்டுக்கு அழைத்துப் போவார். ஆற்றோரக் கோரையைக் கிழித்து, ஓடும் நீரில் ஊறவைத்து, மீண்டும் மீண்டும் மெல்லிய இழையாகப் பிளந்த பிறகுதான் அது பட்டுப்பாய் ஆகிறது. மிக நுண்ணிய பாயைத் தொட்டுப் பார்த்தால் துணி என்றே சொல்வீர்கள். விலையைக் கேட்டாலும் பட்டுத்துணி என்றுதான் சொல்வீர்கள்.

கழிப்பறை விஷயத்தில் உங்களுக்கு ஆறுதலாக எதையும் சொல்ல முடியவில்லை. பேருந்து நிலையம், ரயில் நிலையம், பெட்ரோல் பங்க் ஆகிய மூன்றை வைத்தே நிறுத்தங்களைத் திட்டமிடுங்கள், கிராமங்களை நம்பாதீர்கள். சாப்பாட்டுக்குக் குறையில்லை. இருட்டும் முன் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். இது பெண்களுக்கு மட்டும் சொல்லும் அறிவுரையன்று, தெருநாய்களும் விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர்களும் ஆண், பெண் பார்ப்பதில்லை.

ஸ்ரீவைகுண்டத்தை மையமாக வைத்து நவதிருப்பதிகளையும் ஒரே நாளில் சைக்கிளில் தரிசிக்க முடியுமா? கடல் வரையும் போக ஆசை. – வாசகர், திருச்சிராப்பள்ளி

முதல் கேள்விக்கான இரண்டாம் நாள் பதிலும் இதுதான். தூரத்தைப் பார்த்தால் ஒரே நாளில் ஒன்பது பெருமாள் கோயில்களும் எளிது. நேரத்தைப் பார்த்தால் கடினம். நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். காரில் போகிறவர்கள் அடுத்த கோயிலுக்கு ஐந்து நிமிடத்தில் ஓடிவிடுவார்கள். நாம் கதவுக்கு வெளியே நிற்போம். ஆகவே காலையில் ஐந்து, மாலையில் நான்கு என்று பிரித்துக்கொண்டு, நடுப்பகலை ஆழ்வார்திருநகரியில் கழிப்பது ஒரு வழி. இரண்டு நாளாக்கிக்கொள்வது அதைவிட நல்ல வழி.

திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரையிலான 30 கிலோமீட்டர் திருச்செந்தூர்ச் சாலை அமைதியான சாலையன்று என்பதை ஒளிக்க விரும்பவில்லை. விடியற்காலையில் அதை முடித்துவிடலாம். அல்லது திருச்செந்தூர் ரயிலில் ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கலாம். ஓட்டிப் போனால் கிடைக்கும் லாபம் ஆதிச்சநல்லூர். சாலையோரத்துச் செம்மண் மேடாக மட்டுமே தெரியும் அந்த இடத்தில் 1876-இல் ஜெர்மானியரான ஜாகோரும், பின்னர் 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டி முதுமக்கள் தாழிகளை எடுத்தார்கள். இன்று தாழிகளை எடுத்துச் செல்லாமல் குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடி பதித்துக் காட்டுகிறார்கள். மேட்டின் மேலிருந்து பார்த்தால் ஆற்றங்கரை வரை வாழைத் தோட்டம்: பயிர் செய்யும் நிலத்தை உயிரோடு இருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, பயிர் விளையாத பரம்பில் இறந்தவர்களை வைத்திருக்கிறார்கள்.

புதுக்குடியில் பாலத்தைக் கடந்து வடகரையில் ஸ்ரீவைகுண்டத்துக்குள் போனால் சாலையின் குணமே மாறிவிடும். அங்கிருந்து கிழக்கே நத்தம், அதற்கடுத்துத் திருப்புளிங்குடி, பிறகு பெருங்குளம், அங்கிருந்து ஆற்றை நோக்கித் திரும்பினால் இரட்டைத் திருப்பதி. இந்தச் சுற்றுதான் பள்ளத்தாக்கு முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த சைக்கிள் வழி. இருபுறமும் வாழை நெருங்கி நிற்பதால் காற்று அடங்கி, சங்கிலியின் சத்தம் உங்களுக்கே கேட்கும். பெருங்குளத்தில் குளம் பெயருக்கேற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும். தென்கரையில் ஆழ்வார்திருநகரி, திருக்கோளூர், தென்திருப்பேரை மூன்றும் ஒன்றுக்கொன்று மூன்று நான்கு கிலோமீட்டருக்குள். நம்மாழ்வார் வீற்றிருந்ததாகச் சொல்லப்படும் உறங்காப்புளியின் அடியில் நண்பகல் வெயிலுக்கு ஒதுங்கலாம். தென்திருப்பேரையில் கருடன் பெருமாளுக்கு நேரெதிரே இல்லாமல் சற்று விலகி நிற்பார். தெருவில் குழந்தைகள் விளையாடும் ஓசை தம் காதில் விழ வேண்டும் என்று பெருமாள் விலகச் சொன்னாராம். அந்தத் தெருவில் மணியை ஓங்கி அடிக்காமல் போவோம்.

சைவர்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: பாபநாசம் முதல் சேர்ந்தபூமங்கலம் வரை ஆற்றோடு வரும் நவகைலாயங்கள் ஒன்பதும் மேலிருந்து கீழாக ஓட்டுகிறவருக்கு வரிசையாகவே அமைந்திருக்கின்றன. அவற்றுள் முறப்பநாட்டுக்கு மட்டும் தூத்துக்குடி நான்குவழிச் சாலையைத் தொட வேண்டியிருக்கும்; அங்கே கவனம் தேவை.

கடல் வரை போவதென்றால் ஏரல், கொற்கை, ஆத்தூர், புன்னைக்காயல். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கையில் இன்று கடலைக் காண முடியாது. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் ஐந்தாறு கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. துறைமுகம் இருந்த ஊரில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை அது. புன்னைக்காயலில் சாலை முடிந்துவிடும். வந்த வழியே திரும்ப வேண்டும் என்பதையும், அப்போது மணி பன்னிரண்டு ஆகியிருந்தால் நிழலே கிடைக்காது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாபநாசத்துக்கு மேலே காரையாறு, மணிமுத்தாற்றுக்கு மேலே மாஞ்சோலை ஆகிய இடங்களுக்கும் சைக்கிளில் ஏறலாமா? – கல்லூரி மாணவர், நாகர்கோவில்

உங்கள் வயதில் அந்த ஆசை வராவிட்டால்தான் தவறு. ஆனால் இரண்டு சாலைகளுமே வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு அப்பால், 1988-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் போகின்றன. அனுமதி யாருக்கு, எந்த வண்டிக்கு, எந்த நேரத்தில் என்பதை வனத்துறைதான் தீர்மானிக்கும். முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், மறுத்தால் சாவடியில் நின்று வாதாடாதீர்கள். யானையும் சிறுத்தையும் உள்ள வளைவில், சத்தமில்லாமல் இறங்கிவரும் சைக்கிளைப் போல விலங்கைத் திடுக்கிட வைப்பது வேறில்லை. அணையின் அடிவாரம் வரை போய் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

குளிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயணம் முடிந்த களைப்பில் அருவிப் பக்கம் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். மேலே சொன்ன வ.வே.சு. ஐயர், நீச்சலும் உடற்பயிற்சியும் அறிந்தவர், 1925 ஜூனில் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்ற முயன்று, அவளோடு தாமும் போய்விட்டார். ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், அவர்கள் நிற்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

ரயிலில் சைக்கிளைக் கொண்டுபோக முடியுமா? – பல வாசகர்கள்

முடியும். பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிவு செய்து, பிரேக் வேனில் ஏற்ற வேண்டும். பெட்ரோல் வண்டி அன்று என்பதால் தொட்டியைக் காலி செய்யும் தொல்லை இல்லை. பெயர், டிக்கெட் எண், இறங்கும் ஊர் மூன்றையும் அட்டையில் எழுதிக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். விளக்கு, பை, தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிய நிலையங்களில் வண்டி ஓரிரு நிமிடங்களே நிற்கும் என்பதால், புறப்படும்போதே கார்டிடம் எந்த ஊரில் இறக்க வேண்டும் என்பதைச் சொல்லி வைத்து, அந்த ஊர் வருவதற்கு முந்தைய நிலையத்திலேயே பின்பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள். நான் ஒரு முறை அம்பாசமுத்திரத்தில் இறங்கி நடைமேடையில் ஓடிச் சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. என் சைக்கிள் தனியாகத் தென்காசி வரை போய், மாலை ரயிலில் திரும்பி வந்தது.